ஒருங்கிணைப்பும் பொறுப்பும்: இங்கிலாந்தின் உள்ளூராட்சியிற் சிறுவர் சேவைகள்

உள்ளூராட்சியின் வரலாறு பெரும்பாலும் வீதி, வடிகால், வரி என்பவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைகளுக்கும், அப்பராமரிப்பினாலேயே துன்புற்ற பிள்ளைகளுக்கும் ஒரு நகர சபை யாது செய்தது என்ற வினா அவ்வரலாற்றின் ஓரத்திலேயே இடம்பெறுகின்றது. ஆயினும், இங்கிலாந்தைப் பொறுத்தவரையில், உள்ளூராட்சி நிருவாகத்தின் அமைப்பையே மாற்றியமைத்த சட்டங்கள் சில இவ்வினாவிலிருந்தே பிறந்தன. பாடசாலை, வைத்தியசாலை, பொலிஸ், நலன்புரித் திணைக்களம் ஆகியன ஒரே பிள்ளையைத் தனித்தனியே நோக்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒன்றிணைத்தல் வேண்டும் என்ற முடிவு அங்கு 1950 இலும், 1974 இலும், 2004 இலும், 2017 இலும் எடுக்கப்பட்டது. ஒரே முடிவை நான்கு முறை எடுக்க நேர்ந்தமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிவுறும் தறுவாயில், பெற்றோரைப் பிரிந்த ஒரு பிள்ளை இங்கிலாந்தில் எந்த அதிகாரத்தின் கீழ் வரும் என்பது அப்பிள்ளையின் தேவையைப் பொறுத்ததன்று. அது எந்த வாயிலால் உள்ளே வந்தது என்பதையே பொறுத்திருந்தது. வறுமையினால் வந்த பிள்ளை பழைய வறியோர் சட்டத்தின் வழிவந்த பொது உதவிக் குழுவிடம் சேர்ந்தது. நீதிமன்றத்தின் ஊடாக வந்த பிள்ளையைக் கல்விக் குழு ஏற்றது. பணத்திற்காக அயலாரிடம் வளர்க்க விடப்பட்ட கைக்குழந்தை சுகாதார அதிகாரிகளின் மேற்பார்வைக்கு உட்பட்டது. நீதிமன்ற வாயிலை வகுத்தது 1933 ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் சட்டமாகும். இலங்கையின் 1939 ஆம் ஆண்டு 48 ஆம் இலக்கப் பிள்ளைகள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் அதனையே முன்மாதிரியாகக் கொண்டது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1945 ஆம் ஆண்டு சனவரி 9 ஆம் நாள் ஷ்ரொப்ஷயர் மாவட்டத்துப் பண்ணை வீடு ஒன்றில் டெனிஸ் ஓநீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இறந்தான். அவனைப் பொறுப்பேற்றிருந்தது தென் வேல்சின் நியூபோட் நகர சபை. வளர்ப்புப் பெற்றோரின் வீடோ வேறொரு சபையின் எல்லைக்குள் இருந்தது. பட்டினியாலும் அடியாலும் அவன் இறந்த பின்னர் சேர் வோல்டர் மொங்ரன் நடத்திய விசாரணை, அவனை யார் சென்று பார்த்திருத்தல் வேண்டும் என்பதில் இரு சபைகளுக்கிடையேயும் தெளிவு இருக்கவில்லை என்பதை வெளிப்படுத்தியது. (அகதா கிறிஸ்ரியின் புகழ்பெற்ற 'எலிப்பொறி' நாடகத்திற்குத் தூண்டுகோலாக அமைந்ததும் இச்சம்பவமே என்பர். நாடகத்தை அறிந்தவர்களுள் அச்சிறுவனை அறிந்தோர் மிகச் சிலரே.) இல்லங்களில் வாழும் பிள்ளைகளின் நிலைபற்றி அலன் சீமாட்டி 1944 யூலையில் 'ரைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதம் ஏற்கெனவே பொதுமக்களின் கவனத்தை ஈர்த்திருந்தது. 1945 மார்ச்சில் மைரா கேர்ட்டிஸ் அம்மையாரின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது.

1946 இல் வெளிவந்த கேர்ட்டிஸ் அறிக்கை இத்துறையின் மூல நூல் எனத்தக்கது. குழுவினர் நாடெங்கும் நூற்றுக்கணக்கான இல்லங்களை நேரிற் சென்று பார்த்தனர். அவர்கள் கண்ட பெருங்குறை கொடுமையன்று, ஆளின்மையே. பிள்ளைகளுக்கு உணவு இருந்தது, கூரை இருந்தது. 'இப்பிள்ளை என் பொறுப்பு' எனச் சொல்லக்கூடிய ஓர் ஆள் மாத்திரம் இருக்கவில்லை. ஆகவே அவர்கள் பரிகாரமாக விதந்துரைத்தது ஓர் ஒருங்கிணைப்புச் சபையையன்று, ஓர் உத்தியோகத்தரையே. ஒவ்வொரு பெரிய உள்ளூராட்சி மன்றமும் தனியொரு சிறுவர் குழுவை அமைத்துச் சிறுவர் உத்தியோகத்தர் ஒருவரை நியமித்தல் வேண்டும். பிள்ளை தன் பாதுகாவலராகக் கருதக்கூடியவராக அவர் விளங்குதல் வேண்டும் என அவ்வறிக்கை கூறியது. அவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பார் எனவும் எதிர்பார்த்தது.

1948 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இதனை நடைமுறைப்படுத்தியது. அச்சட்டத்தின் ஒரு நுணுக்கம் கருதத்தக்கது. சிறுவர் உத்தியோகத்தரின் மீது மத்திய அமைச்சரின் இசைவின்றி வேறெந்த வேலையையும் சபை சுமத்தலாகாது என அது விதித்தது. பிறிதொரு திணைக்களத்தின் வாலாக அப்பதவி ஆகிவிடாதிருத்தற்கே இவ்விதி. மாவட்டம் பெரிதாக, ஓர் உத்தியோகத்தர் தம் பொறுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் அறிந்திருத்தல் இயலாததாயிற்று என்பது உண்மையே. எனினும் பொறுப்பு யாருடையது என்ற வினாவிற்கு அக்காலத்தில் ஒரு பெயரைச் சொல்லி விடையளித்தல் கூடியதாக இருந்தது.

ஆனால் அச்சட்டம் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளையே முதன்மையாகக் கருதியது. தத்தம் வீடுகளிலேயே புறக்கணிக்கப்பட்ட அல்லது வதைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி 1950 யூலையில் மூன்று அமைச்சுக்கள் கூட்டாகச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டன. ஒவ்வொரு சபையும் ஓர் உத்தியோகத்தரைக் குறித்தொதுக்கி, அவர் மூலம் எல்லாச் சேவைகளையும் கூட்டிப் பேசுமாறு அது கேட்டுக்கொண்டது. இதுவே ஒருங்கிணைப்புக் குழுவின் தொடக்கம். கேட்டுக்கொண்டதேயன்றிக் கட்டளையிடவில்லை, அதிகாரமும் பணமும் வழங்கவில்லை. சில இடங்களிற் சிறுவர் உத்தியோகத்தரும், சில இடங்களிற் சுகாதார வைத்திய அதிகாரியும், வேறு சில இடங்களிற் சபையின் செயலாளரும் அப்பணிக்குக் குறிக்கப்பட்டனர். குழுவிற்குத் தலைமை யாருடையது என்பதில் வைத்தியருக்கும் சிறுவர் உத்தியோகத்தருக்கும் இடையே எழுந்த போட்டி பல்லாண்டுகள் நீடித்தது. பின்னர் வந்த அமைப்புக்கள் பலவற்றின் சாயல் இம்முதற் குழுவிலேயே காணக்கிடக்கின்றது.

பிரெடரிக் சீபோம் ஒரு வங்கியாளர். அவர் தலைமை தாங்கிய குழு 1968 இல் அளித்த அறிக்கை, ஒரு குடும்பத்தின் வாசலில் நான்கு திணைக்களத்தினர் தட்டுவதைத் தவிர்த்து எல்லாவற்றிற்கும் ஒரு கதவு இருத்தல் வேண்டும் என வாதிட்டது. 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சிறுவர் திணைக்களங்கள் மறைந்து, முதியோர், ஊனமுற்றோர், சிறுவர் ஆகிய அனைவருக்கும் பொதுவான சமூக சேவைத் திணைக்களங்கள் 1971 ஏப்பிரலில் எழுந்தன. மூன்று ஆண்டுகள் கழிந்து, 1974 ஏப்பிரல் 1 ஆம் நாள், உள்ளூராட்சி எல்லைகளும் சுகாதார சேவையும் ஒரே நாளில் மாற்றியமைக்கப்பட்டன. அன்றுவரை நகர சபையின் ஊழியராகவிருந்த சுகாதார வைத்திய அதிகாரியின் பதவி அத்துடன் ஒழிந்தது. அவர்தம் பணிகள் சுகாதார அதிகாரசபைகளுக்கு மாறின. ஒரு மண்டபத்தில் இருந்தவர்களை இரு நிறுவனங்களாகப் பிரித்துவிட்டு, அவர்களை மீண்டும் சந்திக்கச் செய்வதற்குக் குழு அமைப்பது இங்கிருந்தே வழக்கமாயிற்று எனல் மிகையாகாது.

அச்சந்திப்பிற்கு உடனடிக் காரணமாக அமைந்தது மரியா கொல்வெல் என்னும் ஏழு வயதுச் சிறுமியின் மரணம். வளர்ப்புப் பெற்றோரிடமிருந்து 1971 இல் தாயிடம் திருப்பி அனுப்பப்பட்ட அவள், 1973 சனவரி 7 ஆம் நாள் பிறைற்றன் நகரில் மாற்றாந்தந்தையின் அடியினால் இறந்தாள். அயலவர் முறையிட்டிருந்தனர், ஆசிரியர் கவலை தெரிவித்திருந்தனர், சமூக சேவையாளரும், சிறுவர் வதைத் தடுப்புச் சங்கத்தினரும், வீடமைப்பு உத்தியோகத்தரும் வந்து போயினர். ஒவ்வொருவரும் ஒரு துண்டை அறிந்திருந்தனர். 1974 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, தகவற் பரிமாற்றத்தின் குறைபாட்டையே தலையாய தவறாகக் கண்டது. விசாரணைக் குழுவின் உறுப்பினருள் ஒருவரான ஒலிவ் ஸ்ரீவன்சன் பெரும்பான்மையோருடன் முற்றாக உடன்படவில்லை. பின்னர் நிகழ்ந்ததை அறிந்துகொண்டு முன்னர் எடுத்த முடிவுகளை மதிப்பிடுவதிலுள்ள இடர்ப்பாட்டை அவரது தனிக் கருத்துரை நமக்கு உணர்த்துகின்றது. அக்காலத்துப் பத்திரிகைகள் அதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை.

அவ்வாண்டே பிரதேச மீளாய்வுக் குழுக்களும் ஆபத்துக்குட்பட்ட சிறுவர் பதிவேடுகளும் நாடெங்கும் தோன்றின. இக்குழுக்கள் 1988 இல் பிரதேச சிறுவர் பாதுகாப்புக் குழுக்கள் எனப் பெயர் மாறின. இடையில் ஒன்றன்பின் ஒன்றாக விசாரணைகள் நடந்தன. அவற்றின் முடிவுகள் பெரும்பாலும் ஒரே தன்மையன. 1987 இல் கிளீவ்லாந்து மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தவறான முறையில் அவசரமாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டமை பற்றிய சர்ச்சை மாத்திரம் எதிர்த்திசையில் அமைந்தது. 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இவ்விரு அச்சங்களையும் சமன்செய்ய முயன்றது. அதன் 27 ஆம் பிரிவின்படி ஓர் உள்ளூராட்சி மன்றம் இன்னோர் அதிகாரத்திடம் உதவி கோரலாம். தன் கடமைகளுக்கு ஊறு நேராதவிடத்து அவ்வதிகாரம் உதவுதல் வேண்டும். இந்த 'ஊறு நேராதவிடத்து' என்ற விதிவிலக்கு, நிதி நெருக்கடி நிலவும் எந்த நிறுவனத்திற்கும் போதிய புகலிடமாகும்.

ஐவரி கோஸ்ற் நாட்டில் பிறந்த விக்ரோறியா கிளிம்பியே, நல்ல கல்வி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றோரால் உறவினர் ஒருவருடன் அனுப்பப்பட்டு, பிரான்சின் வழியாக 1999 ஏப்பிரலில் இலண்டனை அடைந்தாள். 2000 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள், எட்டு வயதில், உடலில் 128 காயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தாள். இடைப்பட்ட பத்து மாதங்களில் அவள் நான்கு உள்ளூராட்சி மன்றங்களின் சமூக சேவைத் திணைக்களங்களுக்கும், மூன்று வீடமைப்பு அதிகாரங்களுக்கும், இலண்டன் பொலிசாரின் இரு சிறுவர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கும், இரு வைத்தியசாலைகளுக்கும், சிறுவர் வதைத் தடுப்புச் சங்கத்தின் நிலையம் ஒன்றிற்கும் தெரிந்தவளாக இருந்தாள். ஒரு வைத்தியசாலையில் அவளது காயங்கள் சொறி நோயின் விளைவெனக் கணிக்கப்பட்டன. பத்து நாள்கள் கழிந்து எரிகாயங்களுடன் மற்றொரு வைத்தியசாலைக்கு வந்தபோது, முதலாவது வைத்தியசாலையின் அக்கணிப்பு அவளது கோப்பில் நிழலாகத் தொடர்ந்தது. ஹரிங்கே மன்றத்திற் பொறுப்பாக இருந்த சமூக சேவையாளர் அவளை நான்கு தடவைகள் சந்தித்தார். அந்நான்கு சந்திப்புக்களும் சேர்ந்து அரை மணி நேரத்திற்கும் குறைவானவை. அவள் இங்கிலாந்தில் எந்தப் பாடசாலையிலும் சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் அவளைக் கண்டு, நேற்றிலும் இன்று மெலிந்திருக்கிறாள் என உணரக்கூடிய ஆசிரியர் ஒருவர் அவளுக்கு வாய்க்கவில்லை.

விசாரணையை நடத்திய லாமிங் பிரபு 2003 சனவரியில் 108 விதப்புரைகளுடன் அறிக்கையை வெளியிட்டார். அவளைக் காப்பாற்றுவதற்குப் பன்னிரண்டு சந்தர்ப்பங்களாவது கிடைத்திருந்தன என அவர் எடுத்துக்காட்டினார். இவ்வறிக்கை ஒருங்கிணைப்பின்மையையே குற்றங்கூறியதெனப் பொதுவாகச் சொல்லப்படுகின்றது. அறிக்கையை ஊன்றிப் படிப்போர்க்கு அதன் கடுமை வேறிடத்தில் இருப்பது தெரியும். கீழ்நிலை உத்தியோகத்தர் மீது பழியைச் சுமத்திவிட்டு, தமக்கு இவை தெரிந்திருக்க நியாயமில்லை எனச் சாட்சியமளித்த உயர் அதிகாரிகள் மீதே லாமிங்கின் சினம் பாய்ந்தது. கேர்ட்டிஸ் அம்மையார் கண்ட ஆளின்மை இம்முறை நிறுவனத்தின் உச்சியிற் காணப்பட்டது.

அரசாங்கம் இவ்விரு பாடங்களையும் ஒரே சட்டத்தில் அடக்க முயன்றது. 2003 செப்டெம்பரில் வெளிவந்த பச்சை அறிக்கை, ஒவ்வொரு பிள்ளைக்கும் உடல்நலம், பாதுகாப்பு, மகிழ்வுடன் கற்றல், சமூகப் பங்களிப்பு, பொருளாதார நலம் என ஐந்து பேறுகளை வகுத்தது. 2004 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, ஒவ்வொரு மன்றத்திலும் கல்வியையும் சிறுவர் நலனையும் ஒருசேரப் பொறுப்பேற்கும் சிறுவர் சேவைப் பணிப்பாளர் ஒருவரை நியமிக்குமாறு விதித்தது. 19 ஆம் பிரிவு மன்ற உறுப்பினருள் ஒருவரை அரசியற் பொறுப்பாளராகக் குறிக்கச் செய்தது. சீபோம் குழு இணைத்த குடும்பத் திணைக்களம் இங்ஙனம் மீண்டும் இரண்டாயிற்று. பிள்ளை ஒரு திணைக்களத்திற்கும், அப்பிள்ளையின் மனநோயுற்ற தாய் வேறொரு திணைக்களத்திற்கும் உரியவராயினர். இப்பிளவின் விலையை அன்று பலர் கணக்கிடவில்லை.

10 ஆம் பிரிவே நம் ஆய்வுக்கு மையமானது. உள்ளூராட்சி மன்றம் ஒத்துழைப்பை வளர்ப்பதற்கு ஏற்பாடுகள் செய்தல் வேண்டும். பொலிஸ், நன்னடத்தைச் சபை, சுகாதார அதிகாரங்கள், இளங்குற்றவாளிக் குழு முதலிய பங்காளர்கள் அதில் ஒத்துழைத்தல் வேண்டும் என்றது அப்பிரிவு. இவ்வேற்பாடுகளே 'சில்ரன்ஸ் ட்ரஸ்ற்', அதாவது சிறுவர் நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பு, என அழைக்கப்பட்டன. 35 முன்னோடி அமைப்புக்கள் 2003 இலேயே தொடங்கப்பட்டிருந்தன. பெயர் சற்று ஏமாற்றுவது. சட்டத்தில் நம்பிக்கைப் பொறுப்பு என்றால் ஒப்படைக்கப்பட்ட சொத்தும் அதற்குக் கணக்குக் கூறவேண்டிய ஒருவரும் இருத்தல் வேண்டும். இவ்வமைப்பிற்குச் சொத்துமில்லை, சட்டவழி ஆளுமையுமில்லை, சொந்த ஊழியருமில்லை. பங்காளர் தம் நிதியை ஒன்றுசேர்க்க'லாம்' என்றே சட்டம் சொல்லிற்று. 'வேண்டும்' என்பது ஒத்துழைப்பிற்கு. 'லாம்' என்பது பணத்திற்கு. ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்குக் கட்டாயம் இருந்தது, எழும்போது மேசையில் எதையேனும் வைத்துச் செல்வதற்குக் கட்டாயம் இருக்கவில்லை.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களும் நிலையாக இருந்தாரல்லர். 2006 ஒக்ரோபரில் 303 ஆக இருந்த ஆரம்பச் சுகாதார அதிகார அமைப்புக்கள் 152 ஆகக் குறைக்கப்பட்டன. ஈராண்டுகள் பழகி நம்பிக்கை வளர்த்த ஓர் அதிகாரியின் நாற்காலியில் புதியவர் ஒருவர் வந்தமர்ந்தார். பாடசாலைகளின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 1988 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் பின்னர் பாடசாலைகள் தம் நிதியைத் தாமே நிருவகித்து வந்தன. பிள்ளையை ஆண்டில் ஏறத்தாழ இருநூறு நாள்கள் காணும் ஒரே நிறுவனமாகிய பாடசாலை 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பங்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. 2009 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைச் சேர்த்தது.

தகவலைப் பகிர்வதற்கெனக் 'கொன்ராக்ற்பொயின்ற்' என்னும் கணினிப் பதிவேடு உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தின் 11 மில்லியன் பிள்ளைகளின் பெயரும், அவர்களுடன் தொடர்புடைய சேவையாளரின் விபரமும் அதில் அடங்கும். அமைப்பதற்கு 224 மில்லியன் பவுண் செலவாயிற்று. 2009 இற் பயன்பாட்டிற்கு வந்த அப்பதிவேடு 2010 ஓகஸ்ட் 6 ஆம் நாள் மூடப்பட்டது. விக்ரோறியாவின் வரலாற்றிற் பெயரும் முகவரியும் பல கோப்புகளில் இருந்தன. அவற்றை வாசித்து வினவுவதற்கு எவரும் முற்படாமையே குறை. இக்குறையைப் பதிவேட்டினால் நீக்கலாம் என எண்ணியது ஆட்சியாளரின் வழமையான மயக்கங்களுள் ஒன்று.

2008 ஒக்ரோபரில் கணக்காய்வு ஆணைக்குழு இவ்வமைப்புக்களை மதிப்பிட்டு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே ஒரு வினாவாக இருந்தது: 'வந்து சேர்ந்துவிட்டோமா?' ஐந்து ஆண்டுகளின் பின்னரும் இவ்வமைப்புக்களாற் பிள்ளைகளின் நிலை மேம்பட்டது என்பதற்குச் சான்று அரிதாகவே உள்ளது என ஆணைக்குழு முடிவு செய்தது. பல இடங்களில் உத்தியோகத்தர் நன்றாகச் சேர்ந்து பணியாற்றினர் என்பதையும் அது மறுக்கவில்லை. ஆனால் அந்நல்லுறவு அமைப்பினால் விளைந்ததன்று. அமைப்பிற்கு முன்னரே ஆட்களுக்கிடையில் இருந்தது.

அவ்வறிக்கை வெளிவந்த அடுத்த மாதமே, விக்ரோறியாவை அறிந்திருந்த அதே ஹரிங்கே மன்றத்தின் எல்லையில் 2007 ஓகஸ்டில் இறந்த பீட்டர் என்ற பதினேழு மாதக் குழந்தையின் செய்தி வழக்குத் தீர்ப்பின் வாயிலாக நாட்டை உலுக்கியது. அமைச்சர் தலையிட்டதைத் தொடர்ந்து சிறுவர் சேவைப் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2011 மேயில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நீக்கம் சட்டத்திற்கு மாறானது எனத் தீர்த்தது. பொறுப்புக்கூறல் என்பதும் பலியெடுத்தல் என்பதும் ஒன்றல்ல என்ற பொருள்பட நீதியரசர் ஒருவர் கூறினார். 2004 ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை ஓர் ஆளிடம் வைத்தது. ஆனால் பொலிசின் மீதோ வைத்தியசாலையின் மீதோ அவருக்கு ஆணையதிகாரம் எதனையும் அது அளிக்கவில்லை. பழி முழுவதும் ஒருவரிடம், அதிகாரம் பலரிடம் என்ற இந்நிலை, கேர்ட்டிஸ் குழு கருதிய பொறுப்பிற்கு நேர்மாறானது. சமூக சேவையாளர் பதவிகளுக்கு ஆள் கிடைப்பது அதன்பின் மேலும் அரிதாயிற்று.

இதற்கு விடையாக, 2009 ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர் நம்பிக்கைப் பொறுப்புச் சபைகளை நியதிச்சட்ட அமைப்புக்களாக்கியது. 2010 ஏப்பிரலில் அவை நடைமுறைக்கு வந்தன. மே மாதத்தில் ஆட்சி மாறியது. ஒக்ரோபர் 31 ஆம் நாள் அவை பற்றிய வழிகாட்டல்கள் மீளப்பெறப்பட்டன. கூட்டுத் திட்டம் வரையும் கட்டாயமும் நீங்கியது. விரும்பிய மன்றங்கள் தொடரலாம் என்றாயிற்று. அதனுடன் இணைந்து வந்த நிதிக் குறைப்பின் கீழ், இளைஞர் நிலையங்களும் சிறுவர் நிலையங்களும் பல இடங்களில் மூடப்பட்டன. ஒருங்கிணைக்கப்படவேண்டிய சேவைகளே அருகத் தொடங்கிய பின்னர் ஒருங்கிணைப்பு பற்றிய விவாதம் ஓரளவு தணிந்தது. 2011 இல் பேராசிரியர் ஐலீன் முன்றோ அளித்த அறிக்கை, படிவங்களை நிரப்புவதிற் கழியும் நேரத்தைப் பிள்ளையிடம் திருப்புதல் வேண்டும் என வற்புறுத்தியது. அதனைப் படிக்கும்போது 1946 ஆம் ஆண்டின் குரல் மீண்டும் கேட்கின்றது.

2017 ஆம் ஆண்டுச் சிறுவர், சமூகப்பணிச் சட்டம், 2004 இல் தோன்றிய உள்ளூர்ச் சிறுவர் பாதுகாப்புச் சபைகளை ஒழித்தது. அவற்றின் இடத்தில் உள்ளூராட்சி மன்றம், பொலிஸ், சுகாதாரச் சேவை ஆகிய மூன்றும் சமமான பொறுப்புடைய பங்காளர்களாக 2019 செப்டெம்பருக்குள் அமைந்தன. பட்டியல் குறுகியது நன்மையே. இருப்பினும் சமமான பொறுப்பு என்பது நடைமுறையில் எவரிடமும் முழுமையாக இல்லாத பொறுப்பு ஆகிவிடக்கூடும் என்ற ஐயம் தொடக்கத்திலேயே எழுந்தது. 2022 யூலையில் சுகாதாரப் பங்காளர் மீண்டும் மாறினார்; மருத்துவக் கொள்வனவுக் குழுக்கள் மறைந்து ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள் வந்தன. பாடசாலையோ இம்மூவருள் ஒருவராகச் சேர்க்கப்படவில்லை. 2020 இல் கொல்லப்பட்ட இரு சிறு பிள்ளைகளைப் பற்றி 2022 மேயில் வெளிவந்த தேசிய மீளாய்வு, சமூக சேவையாளரும் பொலிசாரும் தாதியரும் ஒரே பிரிவில் ஒன்றாக அமர்ந்து பணியாற்றுதல் வேண்டும் என விதந்துரைத்தது. அதே மாதத்தில் வெளிவந்த சிறுவர் சமூகப் பராமரிப்புப் பற்றிய மற்றொரு மீளாய்வு, பாடசாலையையும் நியதிச்சட்டப் பங்காளராக்குமாறு கோரியது.